புழுங்கல் அரிசி ஆலையைக் கணினிக்குள் கட்டி வேலைமுறை எழுதிய அனுபவம்

சென்ற தை மாதம் சம்பா அறுவடை தொடங்கியிருந்த நேரத்தில், நீடாமங்கலத்துக்கு அருகே புழுங்கல் அரிசி ஆலை நடத்திவரும் என் தாய்மாமா, தம் ஆலையின் வேலைமுறையை முதலிலிருந்து கடைசிவரை எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெயிலை நம்பிக் களத்தில் நெல் காயப் போடுவதைக் குறைத்துக்கொண்டு, இயந்திர உலர்த்தி ஒன்றை வைக்க அவர் எண்ணியிருந்தார். உலர்த்தி விற்க வந்தவர்களோ, எந்த நேரத்தில் எவ்வளவு ஈர நெல் களத்துக்கு வருகிறது, யார் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்ற விவரம் இல்லாமல் அளவு சொல்ல முடியாது என்று கூறிவிட்டார்கள். நான் கும்பகோணத்தில் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இரண்டு நாளில் படம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் நாள் கணக்குப்பிள்ளை அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, நோட்டும் பேனாவுமாகக் கேள்வி கேட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெல் அவிக்கும் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "ஊறப் போடுவோம், அவிப்போம், காயப் போடுவோம், அரைப்போம். இதுல எழுதுறதுக்கு என்ன தம்பி இருக்கு?" களத்தில் வேலை செய்யும் பெண்களுக்குத் தலைமையாக இருக்கும் பெரியம்மா அதைவிடச் சுருக்கமாக, "நெல்லைக் காய வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அலுவலக வேலைகளைப் படமாக்கப் பயன்படும் பிபிஎம்என் குறியீட்டில் அந்த நான்கு சொற்களையும் நான்கு பெட்டிகளாக வரைந்து, அம்பு போட்டு, மறுநாள் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குக் கவலையைத் தந்தது. பெட்டியும் சாய்சதுரமும் எனக்குப் பழகிய மொழி. அவர்களுக்கு அது மரியாதைக்குப் பார்த்து வைக்க வேண்டிய ஒரு காகிதம்.

ஆலையிலேயே நின்று பார்த்து எழுதியிருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். அதையும் செய்தேன். மாலையில் வெந்நீர் விட்டு ஊறப் போட்ட நெல் விடியற்காலையில்தான் ஆவிக்கு வருகிறது. அதன் பிறகு களத்தில் வெயிலைப் பொறுத்து ஒரு நாளோ அதற்கு மேலோ கிடக்கிறது. ஒரு தொட்டி நெல்லை முழுக்கப் பின்தொடர்வதற்குள் இரண்டு முறை ஆட்கள் மாறிவிடுகிறார்கள். பாய்லர் இரைச்சலில் கேள்வி கேட்டால் பதில் காதில் விழாது. கேட்டதற்காக அவர்கள் கையை நிறுத்தினால் நெல் கெடும். இரவு ஆளையும் பகல் ஆளையும் ஒரே நெல்லின் முன் ஒரே நேரத்தில் நிறுத்தவும் வழியில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வேலைமுறையை விவரிக்க வேண்டியவர்களை அவர்களுடைய பணியிடத்தைப் போலவே அமைத்த மெய்நிகர் உலகுக்குள் நடக்கவிட்டு, செய்வதைச் செய்துகாட்டச் சொல்லும் முறை ஒன்றை 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். அதை முன்பே படித்திருந்தேன். அதற்குரிய கருவிகள் என்னிடம் இல்லை. ஆனால் என் அக்கா மகன் விளையாடும் லுவாண்டி இருந்தது. 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த இந்தத் திறந்த மூல மென்பொருளில், ஒரு மீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டைகளை அடுக்கி எதையும் கட்டலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். லுவா என்ற நிரல்மொழியில் நாமே புதிய கட்டைகளைச் செய்து சேர்க்கலாம். ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டு ஆலையை ஒரு முறை சுற்றி வந்தால் வரைபடம் தயார்.

களம் நாற்பதுக்கு முப்பது கட்டைகள் வந்தது. ஒரு தொட்டியில் ஏறத்தாழ நான்கு டன் நெல் போடுகிறார்கள். அது சுமார் 7 கன மீட்டர் இடத்தை அடைக்கும் என்பதால், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு கட்டைகள் வைத்து ஒவ்வொரு தொட்டியையும் எட்டுக் கட்டை அளவில் செய்தேன். அடியில் தள்ளுவண்டி நுழைய வேண்டும் என்பதால் அவற்றைக் கால்களின் மேல் நிறுத்தினேன். நெல்லுக்குத் தனிக் கட்டை செய்தேன். அதைத் தொட்டால் காய்ந்த நெல், ஊறிய நெல், அவித்த நெல், அரைக்காய்ச்சல், முழுக்காய்ச்சல் என்று நிறம் மாறும்படி ஐந்து நிலைகள் வைத்தேன். யார், எப்போது, எந்தக் கட்டையைத் தொட்டார்கள் என்பது ஒரு கோப்பில் வரிவரியாகப் பதிவாகும்.

இதில் என்னை மிகவும் படுத்தியது தமிழ்தான். பலகையில் "நெல்" என்று எழுதினால், நகரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. "தொட்டி"யில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறின. எழுத்துருவை மாற்றி மாற்றி ஒரு மாலை முழுவதையும் வீணாக்கிய பிறகுதான், குறை எழுத்துருவில் இல்லை, நம் எழுத்துகளை வரிசை மாற்றிக் கோக்கும் வேலையை இந்த மென்பொருள் செய்வதே இல்லை என்பது விளங்கியது. கடைசியில் ஒவ்வொரு சொல்லையும் இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் எழுதி, படமாக ஏற்றுமதி செய்து, கட்டையின் முகத்தில் ஒட்டினேன். இரண்டு சொல்லுக்கு மேல் ஒரு கட்டையில் நிற்காது. அதுவும் நல்லதற்கே ஆயிற்று, பெயர்கள் சுருங்கின.

கணக்குப்பிள்ளை அறைத் தொலைக்காட்சியில் மடிக்கணினியை இணைத்து, பேச்சைப் பதிவு செய்யக் கைப்பேசியை மேசையில் வைத்துக்கொண்டேன். பதிவு செய்வதை எல்லோரிடமும் சொல்லி, ஒப்புக்கொண்டவர்களை மட்டும் உட்காரவைத்தேன். உலகத்துக்குள் ஒரு மணிக் கட்டை உண்டு. பேச்சு தொடங்கும்போது அதைத் தொட்டபடியே வெளியில் ஒரு முறை கைதட்டுவேன். பிற்பாடு ஒலிப்பதிவையும் கணினிக் கோப்பையும் நேரம் பொருத்த இந்தக் கைதட்டல் போதுமானதாக இருந்தது.

சுட்டெலியைப் பிடிக்க அவர்களால் முடியவில்லை என்பதை முதல் ஐந்து நிமிடங்களிலேயே கண்டுகொண்டேன். அவிக்கும் அண்ணன் தவறுதலாக கே என்ற விசையை அழுத்திப் பறக்கத் தொடங்கி, பாய்லர் புகைபோக்கியின் மேல் போய் நின்றார். பெரியம்மாவுக்குத் தலை சுற்றியது. பறக்கும் வசதியை நீக்கிவிட்டு, ஓட்டுவதை நானே வைத்துக்கொண்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல நான் நடந்தேன். "நேரா போ தம்பி, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு, அங்க நில்லு" என்று பெரியம்மா திரையில் விரலை வைத்துக் காட்டத் தொடங்கியதும் அறையின் காற்றே மாறிவிட்டது. கேள்விக்குப் பதில் சொல்பவராக இருந்தவர், எனக்கு வேலை சொல்லிக் கொடுப்பவராக ஆகிவிட்டார். இது நான் திட்டமிட்டது அன்று.

களத்துக்குள் நுழைந்த உடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "சூரியன் என்ன கிட்டங்கிப் பக்கத்துலேருந்து மொளைக்குது?" என்பது. வாசலை முகப்பாக வைத்துக் கட்டிய நான் திசையைக் கவனிக்கவில்லை. ஆலை முழுவதும் கிழக்கு மேற்காகவும் மேற்கு கிழக்காகவும் திரும்பிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதனால் என்ன என்றேன். அதனால் என்ன என்பதுதான் அவர் வேலையில் பாதி. கிட்டங்கி களத்துக்கு மேற்கே இருப்பதால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் களத்தில் விழுகிறது. ஆகவே காலையில் புதிதாக வரும் ஈர நெல்லை மேற்கு ஓரத்தில் கொட்டுவதில்லை. சீக்கிரம் காய்ந்து முடியப்போகும் நெல்லுக்குத்தான் அந்த ஓரம். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக நெல்லைத் தள்ளிக்கொண்டே வருகிறார்கள். நோட்டும் பேனாவுமாக நான் கேட்டபோது இதில் ஒரு சொல்கூட வரவில்லை. இது தெரிந்த விஷயமாக இருந்தால்தானே சொல்வதற்கு. அது அவர்களுடைய காலில் இருந்தது.

அடுத்த தவறு ஒரு சுவரில் நேர்ந்தது. பாய்லருக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் நான்கைந்து செங்கல் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. இடிந்த இடம் என்று எண்ணி, கணினியில் கட்டும்போது அதை ஒழுங்காக அடைத்துவிட்டேன். ஆவி வால்வுக்கு முன்னால் என்னை நிறுத்திய அவிக்கும் அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொவத்தை அடைச்சுட்டா நான் எப்படித் தம்பி தொட்டி வாயைப் பாக்குறது?" என்றார். ஒரு கட்டையை உடைத்தேன். "இன்னும் கொஞ்சம் மேல" என்றார். அந்தக் கட்டையை வைத்துவிட்டு மேல் கட்டையை உடைத்தேன். "ஆங், இப்பத் தெரியுது."

அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வால்வைத் திறந்ததும் ஆவி தொட்டியின் வாயில் ஒரு பக்கமாகத்தான் முதலில் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு அடைக்கக் கூடாது; மறுபக்கத்து நெல் வேகாமல் நிற்கும். வாய் முழுக்க ஒரே சீராக ஆவி கிளம்பிய பிறகுதான் கணக்கு. அதற்குப் பின்னும் சிறிது நேரம் விட்டு, கீழ்க் கதவோரமாக ஒரு கை நெல்லை எடுத்துப் பார்ப்பார். உமி வாய் பிளந்திருந்தால் வால்வை மூடலாம். மாமாவிடம் ஏற்கெனவே இருந்த தாளில் இந்த இடத்தில் "20 நிமிடம் ஆவி விடவும்" என்று மட்டும் இருந்தது. அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அண்ணனிடம் கேட்டேன். முன்பு ஒரு சமயம் யாரோ கேட்டதற்குத் தாம்தான் ஒரு பேச்சுக்குச் சொன்னதாகச் சிரித்துக்கொண்டார்.

லுவாண்டியை மாற்றாமல் விட்டால் அதன் உலகில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் இருபது நிமிடம்தான். இதை நான் மறந்துபோயிருந்தேன். இரண்டாம் நாள் பெரியம்மாவும் வேறு இரு பெண்களும் நெல்லைக் காலால் துழாவிவிடும் ஒழுங்கை விவரித்துக்கொண்டிருந்தபோது திரை மங்கத் தொடங்கியது. நேரத்தை நிறுத்த நான் விசைப்பலகையில் தடுமாறிக்கொண்டிருந்தேன். மூவரும் ஒரே குரலில், "இருட்டுது, குவிக்கணும், குவிக்கணும்" என்றார்கள். தை, மாசியில் பனி இறங்குமுன் நெல்லைக் குவித்து மூடியாக வேண்டும். எந்தக் குவியலை முதலில் மூடுவது என்பதில் ஒரு முறை இருக்கிறது. கைக்கு எட்டியதையோ பெரியதையோ அல்ல, நன்றாகக் காய்ந்ததையே முதலில் மூடுகிறார்கள். ஈர நெல் இன்னும் கொஞ்சம் நனைந்தால் மீண்டும் காய வைத்துவிடலாம். காய்ந்த நெல் ஈரத்தை இழுத்தால் உள்ளே கீறல் விட்டு, அரைக்கும்போது குருணையாகப் போகும். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் வந்து மாட்டும்போதும் இதே வரிசைதான் என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு நான் நேரத்தை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரு நாள் ஒரு மணி நேரம் ஓடும்படி வைத்தேன். இருட்டும்போதெல்லாம் புதிதாக ஏதாவது ஒன்று கிடைத்தது.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி மூன்றாம் நாள், மாமாவும் உடன் இருந்தபோது வந்தது. நெல் முக்காக் காய்ச்சலுக்கு வந்ததும், உச்சி வெயிலிலேயே அதைக் கூட்டிக் குவித்து, இரண்டு மூன்று மணி நேரம் சாக்குப் போட்டு வைத்துவிட்டு மறுபடி பரப்புகிறார்கள். அது ஆட்கள் சாப்பிடப் போகும் நேரம் என்பதால் குவிக்கிறார்கள் என்றுதான் மாமா இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தார். என் படத்திலும் அது "உணவு இடைவேளை" என்றே இருந்தது. உலர்த்தி வந்துவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் மிச்சம் என்று கணக்கும் போட்டிருந்தோம். நான் திரையில் குவியலை விட்டுவிட்டு நேராகப் பரப்பிய நெல்லையே முழுக்காய்ச்சல் நிறத்துக்கு மாற்றியதும் பெரியம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "ஏய் தம்பி, ஒரே மூச்சுல காய வச்சியன்னா அம்புட்டும் நொய்யாப் போயிரும். வேர்க்க விடணும்ல?"

அவர் வேர்வை என்று சொல்வதைப் படித்தவர்கள் ஈரம் சமப்படுதல் என்பார்கள். அவித்த நெல்லின் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து இறுகும். உள்ளே ஈரம் தங்கிவிடும். அந்த வேறுபாடு மிகுந்தால் மணி பிளக்கும். ஆகவே ஈரப்பதம் 18 விழுக்காட்டுக்கு அருகில் வந்ததும் குவித்து ஆற வைத்து, உள்ளீரம் வெளியே பரவிய பிறகு 14 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டும் என்பது நெல் பதப்படுத்தும் நூல்களில் உள்ள பாடம்தான். இயந்திர உலர்த்தியிலும் இதற்கென்று இடைவெளி விட்டாக வேண்டும். மாமா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் மிச்சம்னு எழுதுனது அரிசியில போயிருக்கும், மாப்ளே" என்றார். படத்தில் காத்திருப்புக் குறியை அடித்துவிட்டு, "வேர்க்க வைத்தல்" என்று ஒரு வேலையாகவே அதை எழுதினேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கணினியில் ஒரு தொடுதலில் நாற்பது மூட்டை இடம் பெயர்ந்துவிடுவதால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதற்கு அந்தப் பதிவுக் கோப்பு எள்ளளவும் பயன்படவில்லை. நேரங்களைக் களத்தில் கடிகாரத்தோடு நின்றுதான் குறித்தேன். ஊறல் தண்ணீர் புளித்துப் போனதை மணத்தால் அறிவது, காய்ச்சலைப் பல்லில் கடித்த சத்தத்தால் அறிவது ஆகியவற்றுக்கு இந்த உலகில் இடமே இல்லை. அதற்காக மேசையில் ஐந்து கிண்ணங்களில் ஐந்து நிலை நெல்லையும் வைத்துக்கொண்டேன். திரையில் நிறம் மாறும்போது அவர்கள் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கடித்துப் பார்த்து, "இது இன்னும் ஆகலை" என்றார்கள். மாமா இருந்த அமர்வுகளில், ஆள் குறைவான நாட்களில் விட்டுவிடும் வேலைகள் எவை என்ற பேச்சு வரவே இல்லை. அவர் தேநீர் குடிக்க வெளியே போன பத்து நிமிடத்தில் அவை வந்தன. அவற்றை யார் சொன்னது என்ற அடையாளம் இல்லாமல்தான் படத்தில் சேர்த்திருக்கிறேன். அப்படிச் சேர்த்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

கட்டடத்தை அழகாக்க நான் செலவிட்ட நேரம் முழுவதும் வீண். ஓடு வேய்ந்த கூரை, பாய்லரில் தீ எரியும் அசைவு ஆகியவற்றை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் களத்தோரத்து வேப்ப மரம் இல்லை என்பதை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். தண்ணீர்ப் பானை அங்கேதான் இருக்கிறது. நெல் காய்ந்துவிட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் நடப்பதும் அந்த மரத்தடியில்தான்.

இடம் நினைவைத் தூண்டும் என்பதற்குப் பழைய சான்றாகக் காட்டப்படுவது, காடன், பாட்லி என்ற இருவர் நீர்மூழ்கு வீரர்களைக் கொண்டு 1975-இல் வெளியிட்ட சோதனை: தண்ணீருக்கடியில் மனப்பாடம் செய்த சொற்கள் தண்ணீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன என்பது அதன் முடிவு. அதே சோதனையை மீண்டும் செய்து 2021-இல் வெளியிட்டவருக்கு அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. என் ஆலையைப் பொறுத்தவரை, நினைவைத் தூண்டியது திரையில் தெரிந்த ஒற்றுமையைவிடப் பிழைகள்தாம் என்று தோன்றுகிறது. சரியாகக் கட்டிய பகுதிகளில் அவர்கள் மீண்டும் தலைதான் ஆட்டினார்கள். திசை தவறிய களமும், அடைத்த சுவரும், வேர்க்க விடாத நெல்லும்தான் அவர்களைப் பேச வைத்தன. இதை உணர்ந்த பிறகு, கடைசி இரண்டு அமர்வுகளில் உமி எடுத்துப் போகும் வழியையும் சாக்குத் தைக்கும் இடத்தையும் வேண்டுமென்றே மாற்றி வைத்தேன். சிறிய ஏமாற்று வேலைதான். முடிவில் அவர்களிடம் ஒப்புக்கொண்டேன். "தெரிஞ்சேதான் செஞ்சியா, அதானே பாத்தேன்" என்றார் சாக்குத் தைக்கும் அண்ணன்.

நான்கு பெட்டியாக இருந்த படம் இப்போது மூன்று தாளை ஒட்டிய அளவுக்கு நீண்டு, கணக்குப்பிள்ளை அறைச் சுவரில் இருக்கிறது. பிபிஎம்என் குறியீட்டில்தான் வரைந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் அந்த இடத்தின் கட்டைப் படத்தைச் சிறியதாக ஒட்டியிருப்பதால், பெட்டிகளைப் படிக்கத் தெரியாதவர்களும் எது எங்கே என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

உலர்த்தியை அதன் விற்பனைத் தாளில் இருந்த அளவின்படி கட்டைகளால் செய்து, மாமா விரும்பிய இடத்தில், அதாவது தொட்டிகளுக்குக் கிழக்கே, நிறுத்திக் காட்டினேன். தள்ளுவண்டியோடு தொட்டியடியிலிருந்து களத்துக்கு என்னை நடக்கச் சொன்ன அவிக்கும் அண்ணன், பாதி வழியில் நிறுத்தச் சொன்னார். ஆவிக் குழாய் குறுக்கே வருகிறது. வண்டி திரும்ப இடமில்லை. அதைவிட முக்கியமாக, அவருடைய சுவர் ஓட்டையிலிருந்து மூன்றாவது தொட்டியின் வாய் தெரியவில்லை. மூன்று கட்டைகள் தெற்கே நகர்த்தினேன். இன்னும் ஒன்று என்றார். நான்காவது கட்டையில் வாய் தெரிந்தது. பங்குனியில் கொத்தனார் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டபோது, அந்த நான்கு மீட்டரை நாடாவால் அளந்து காட்டியது அவிக்கும் அண்ணன்தான்.